பட்டியல் சேர்ந்தால் கடை
தாம்பரம் வட்டாரத்தில் மக்களே நடத்தும் கூட்டுறவு மளிகைக்கு என்ன வழி?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர்ப் பக்கத்துத் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வரிசையாகக் கட்டைப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் எண்ணெய், மைதா, சர்க்கரை, கடலை மாவு, உளுத்தம்பருப்பு, ஒரு பாக்கெட் முந்திரி, மேலே ஒரு பட்டாசுப் பெட்டி. பக்கத்தில் மூலை மடங்கிய நாற்பது பக்க நோட்டு. ஒரு பெண் பெயர் வாசிக்க, இன்னொருவர் பையை எடுத்து நீட்ட, வாங்கியவர் பெயருக்கு எதிரே கையெழுத்து விழும். பலகாரச் சீட்டு. ஆண்டு முழுக்க வாரம் ஐம்பதோ மாதம் இருநூறோ கட்டியவர்களுக்கு, மொத்த விலையில் வாங்கிப் பிரிக்கப்பட்ட சாமான்.

இந்த நோட்டுக்குள் பாதிக் கூட்டுறவுக் கடை இருக்கிறது. முன்பணம், மொத்தக் கொள்முதல், பிரித்துக் கொடுப்பது, ஒருவரையொருவர் அறிந்த நம்பிக்கை எல்லாம் அதில் உண்டு. இல்லாதவை மூன்று. கணக்கை எல்லோரும் பார்க்கும் வழக்கம் இல்லை. பணம் கட்டியவருக்கு உரிமையாளர் என்ற இடம் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது மாதாமாதம் நடப்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் அது கடையாகிவிடுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி புதியதல்ல. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் 28 பேர், பெரும்பாலும் நெசவு சார்ந்த தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டுத் திறந்த கடையில் முதல் நாள் இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவே. அக்காலத்து வணிகர்கள் மாவில் சுண்ணாம்பு கலந்தார்கள். எடையில் கை வைத்தார்கள். அதற்கு எதிராகத்தான் அந்தக் கடை சில விதிகளை வகுத்துக்கொண்டது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை. சரியான எடை, கலப்படமற்ற சரக்கு. ஆண்டு உபரியைப் பங்குத் தொகைக்கு ஏற்பப் பிரிக்காமல், யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கு ஏற்பத் திருப்பித் தருவது. இந்தக் கடைசி விதிதான் வாடிக்கையாளரை முதலாளியாக்கியது.

அறுபது ஆண்டு கழித்து அந்த விதிகள் சென்னைக்கு வந்தன. 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவு என்று அறியப்படுகிறது. அதைத் தொடங்க முன்னின்றவர்களில் ஒருவர் அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அதே ஆண்டில் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தது. மற்ற வகைச் சங்கங்களுக்கு முறையாக இடம் கொடுத்தது 1912-ம் ஆண்டுச் சட்டம். சட்டம் முழுதாக வருவதற்குக் காத்திராமல் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அரிசிக்கும் பருப்புக்கும் சங்கம் கண்டார்கள் என்பது இன்றைக்கும் யோசிக்க வைக்கும் செய்தி. டி.யு.சி.எஸ். என்ற பெயரில் அந்தச் சங்கம் இப்போதும் இருக்கிறது. சென்னைவாசிகள் அதைக் காமதேனு அங்காடியாகவும் ரேஷன் கடையாகவும் அறிவார்கள். அது தங்கள் தாத்தாக்கள் பங்கு போட்டுத் தொடங்கியது என்று அறிந்தவர்கள் குறைவு.

அந்த மறதிக்குக் காரணம் உண்டு.

தமிழ்நாட்டில் ‘கூட்டுறவு’ என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அரசு அலுவலகம். 1962-ல் சீனப் போரை ஒட்டி விலைகள் ஏறியபோது நகரங்களில் நுகர்வோர் பண்டகசாலைகளை அமைக்க மத்திய அரசு பெருந்திட்டம் போட்டது. பணமும் மேலிருந்து வந்தது, ஆட்களும் மேலிருந்து வந்தார்கள். 1966-ல் டெல்லியில் ஆடம்பரமாகத் திறக்கப்பட்ட சூப்பர் பஜார், 2000களின் தொடக்கத்தில் நட்டத்தில் மூழ்கிக் கதவடைத்தது. தமிழ்நாட்டிலோ, நீண்ட காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் சங்கங்களை நடத்தினார்கள். 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தபோது பல ஊர்களில் உறுப்பினர்களுக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதே அரசுக் கூட்டுறவு செய்த வேலையைச் சிறிதாக எண்ணக் கூடாது. மாநிலத்தின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பான்மையை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் தாம்பரத்தின் எத்தனையோ அடுப்புகளை எரிய வைக்கின்றன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது பண்ணை பசுமைக் கடைகளிலும் சென்னையின் சில ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்குக் கிடைத்தது கூட்டுறவுத் துறை வழியாகத்தான். ஆகவே மக்கள் கடை என்று ஒன்று வந்தால் அது ரேஷன் கடைக்குப் போட்டியாக வர முடியாது, வரவும் கூடாது. ரேஷன் அரிசி வாங்கிய பிறகும் ஒரு குடும்பம் மாதம் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு வெளியில் வாங்குகிறதே, அந்தப் பட்டியல்தான் இதன் களம்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ‘சங்கக்கடை’ என்று அழகான பெயர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் இலங்கை முழுக்கப் பெருகிய கூட்டுறவுப் பண்டகசாலைகளின் வழிவந்தது அது. ‘சங்கத்தில வாங்கினது’ என்று அங்கே சொல்லும்போது அந்தச் சங்கம் யாருடையது என்ற குழப்பம் எழுவதில்லை. நம் பக்கம் அந்தச் சொல்லைத் திரும்பப் பழக்கினால்கூட நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஆர்வத்தால் தொடங்கிக் கணக்கால் மூடப்பட்ட கடைகள் உலகெங்கும் உண்டு என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்பது அவசியம்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தெருவில், 400 சதுர அடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 250 குடும்பம். ஒவ்வொன்றும் மாதம் 4,000 ரூபாய்க்கு வாங்கினால் விற்பனை 10 லட்சம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே நூற்றுக்குப் பன்னிரண்டு நின்றால் கையில் 1,20,000. செலவு: வாடகை 25,000. ஒரு மேலாளரும் இரண்டு ஊழியர்களுமாகச் சம்பளம் 52,000. கரண்ட், இணையம், பில் காகிதம் 6,000. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, பைகள் 8,000. சிந்தல், எலி, வண்டு, எடைக் குறைவு என்று நூற்றுக்கு ஒன்று போனால் 10,000. ஆக 1,01,000. மிச்சம் 19,000. கடை நிற்கும்.

இப்போது அதே 250 குடும்பமும் பங்கு போட்டு, பெயர் எழுதி, திறப்பு விழாவில் கைதட்டிவிட்டு, பட்டியலில் பாதியை மட்டும் இங்கே வாங்குகிறார்கள் என்று வையுங்கள். எண்ணெய் வேறு இடத்தில் தள்ளுபடி. சோப்பு செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. விற்பனை 5 லட்சம், லாப இடைவெளி 60,000. வாடகையும் சம்பளமும் கரண்டும் பாதியாகாது. அந்த 83,000 அப்படியே நிற்கும். வண்டியும் சிந்தலும் பாதியானாலும் 9,000. மொத்தம் 92,000. மாதம் 32,000 நட்டம். ஒருவர்கூட உறுப்பினர் பதவியை விடவில்லை, ஒருவர்கூடத் திருடவில்லை; ஆறு மாதத்தில் பங்குப் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கரைந்திருக்கும்.

கூட்டுறவுக் கடைகளைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் முதலீடு எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. உண்மையில் அது இரண்டாவது கேள்வி. சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை முன்பணம் இரண்டரை லட்சம், தட்டுகளும் தராசும் கணினியுமாக இரண்டு லட்சம், சரக்குக்கு நாலரை லட்சம் என்று போட்டாலும் ஒன்பது லட்சம். 250 குடும்பத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,600 ரூபாய், அதாவது ஒரு மாத மளிகைச் செலவைவிடக் குறைவு. பலகாரச் சீட்டு கட்டும் ஊரில் இது திரட்ட முடியாத தொகை இல்லை. திரட்ட வேண்டியது பட்டியலை. எத்தனை வீடுகள் தங்கள் மாதப் பட்டியலை முழுசாக ஒரே இடத்தில் கொடுக்கத் தயார் என்று தெரியாமல் கடைக்கு முன்பணம் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பது போல.

உபரி பற்றியும் நேராகப் பேசிவிடலாம். மாதம் 19,000 என்றால் ஆண்டுக்கு 2,28,000. பாதியைக் காப்பு நிதிக்கு ஒதுக்கி மீதியை வாங்கிய அளவுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு 48,000 ரூபாய்க்கு வாங்கிய குடும்பத்துக்குக் கிடைப்பது சுமார் 456 ரூபாய். இதைச் சொல்லி யாரையும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. சேர வேண்டியவர்கள் வேறு காரணத்துக்காகச் சேர வேண்டும். பருப்பு வேகவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது, எந்த மூட்டை எந்த மண்டியிலிருந்து என்ன விலைக்கு வந்தது என்பது சுவரில் எழுதியிருக்கிறது, மிளகாய்த்தூள் கண்ணெதிரே அரைபடுகிறது என்ற காரணங்கள்.

கடையே இல்லாமல் இதைச் செய்து காட்டிய இடமும் உண்டு. 1975-ல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சிறு சிறு சங்கங்களாகச் சேர்த்தது. ஒவ்வொரு சங்கமும் மாதப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கும். மொத்தமாக வாங்கிய சரக்கு மாதம் ஒரு நாள் அந்தச் சங்கத்தின் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து இறங்கும். உறுப்பினர்களே பிரித்து எடுத்துக்கொள்வார்கள். கடை வாடகை இல்லை, மாலை வரை காத்திருக்கும் ஊழியர் இல்லை, விற்காமல் தேங்கும் சரக்கு இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுடன் அது பல்லாண்டுகளாக ஓடுகிறது. ஜப்பானில் 1965-ல் டோக்கியோவின் செட்டகாயாப் பகுதியில் சுமார் 200 பெண்கள் சேர்ந்து பாலை மட்டும் மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்தது இன்றைய செய்காட்சு கிளப். அங்கும் அடிப்படை ஒரே தெருவில் வசிக்கும் சில வீடுகளின் குழுதான். இரண்டிலும் முதலில் வந்தது பட்டியல். பணமும் கட்டடமும் பிறகு.

தாம்பரத்துக்கு இது பொருந்துமா? ஒரு வகையில் மும்பையைவிட நன்றாகவே பொருந்தும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி 70 வார்டுகளாக விரிந்து கிடக்கிறது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் ஒவ்வொன்றும் தனித்தனி ஊராக வாழ்ந்து பழகியவை. தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது படகு ஏற்பாடு செய்ததும், சோறு பொங்கிப் போட்டதும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்களே. 2023 டிசம்பர்ப் புயல்மழையில் பால் பாக்கெட்டுக்குத் தென்சென்னையே வரிசையில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பது ஒரு நோட்டில் இருந்தால் அதன் மதிப்பே வேறு. (கடைக்கு இடம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது: வாடகை மலிவு என்று ஏரிக்கரைத் தாழ்வில் பிடித்தால் ஒரே இரவில் நாலரை லட்சம் ரூபாய்ச் சரக்கு ஊறிப்போகும்.)

ஆட்களும் இங்கே உண்டு. ரயில்வேயிலும் விமானப் படையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டியவர்கள் நிறைந்த பகுதி இது. இருப்புப் பதிவேடு எழுதுவதும், வரவு செலவைத் தாளுக்குத் தாள் சரிபார்ப்பதும் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். இன்னொரு பக்கம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் ஷிப்டு பார்க்கும் பெண்கள், வாடகை வீட்டில் நான்கு பேராகத் தங்கி ஒரே சமையல் செய்பவர்கள். இவர்களுக்கு 26 கிலோ அரிசி மூட்டை வாங்க ஒரே சமயத்தில் பணம் இருக்காது. ஐந்து ஐந்து கிலோவாகக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். கூட்டாக வாங்குவதால் முதலில் பயனடைய வேண்டியவர்கள் இவர்கள்தான். பங்குத் தொகையை மாதம் நூறு நூறாகக் கட்ட அனுமதித்தால்தான் இவர்கள் உள்ளே வர முடியும். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் கடை சீக்கிரத்தில் ‘ஆர்கானிக்’ பொருட்களின் காட்சிக்கூடமாக மாறிவிடும் அபாயம் உண்டு.

அந்த 26 கிலோவுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டுப் பெயரச்சிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி வந்தது. உடனே ஆலைகள் மூட்டையை 26 கிலோவாக்கின. மூட்டையைப் பிரித்து, வாங்குபவர் முன்னால் அளந்து கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் பருப்புக்கும் அந்த வரி இல்லை. ஆகவே பழைய மளிகைக் கடை போல் மூட்டை பிரித்து அள்ளிப் போடும் முறை கூட்டுறவுக் கடைக்கு வரியிலும் லாபம், பிளாஸ்டிக்கிலும் லாபம். உறுப்பினர்கள் தூக்குவாளியும் துணிப்பையும் கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

ஆனால் அள்ளிப் போடுவதில்தான் கடை ஒழுகும். ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டையை ஒரு கிலோ ஒரு கிலோவாகப் போடும்போது, தராசில் எண் நிற்பதற்குள் ஐந்து கிராம் கூடுதலாகப் போய்விட்டால் மூட்டைக்குக் கால் கிலோ காணாமல் போகும். அடியில் தங்கும் தூசும் உடைசலும் தனி. சித்திரை வெயிலில் பருப்பில் வண்டு விழும். அதற்குக் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைப்பது வீட்டு அளவுக்குச் சரி; பத்து மூட்டைக்கு வேண்டியது முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற கண்டிப்பும், தரையிலிருந்து உயர்த்திய பலகையும், சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளியும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை. இவையெல்லாம் ஆர்வம் மட்டும் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் வராது. இருபது ஆண்டு மளிகைக் கடையில் நின்ற ஒருவரை நல்ல சம்பளம் கொடுத்து மேலாளராக வைத்துக்கொள்வதே வழி.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1973-ல் தொடங்கிய பார்க் ஸ்லோப் கூட்டுறவுக் கடையில் உறுப்பினர்கள் சில வாரங்களுக்கு ஒரு முறை இரண்டே முக்கால் மணி நேரம் கடையில் வேலை செய்தே ஆக வேண்டும். அப்படித்தான் அங்கே விலை குறைகிறது. இங்கே அதை அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஜோதிடம் வேண்டாம். ஆண்களின் முறை வரும் நாளில் வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஏற்கெனவே வீட்டுச் சமையலும் வேலைக்குப் போவதுமாக இருப்பவர்கள் மீது மூன்றாவதாக ஒரு சம்பளமற்ற வேலை விழும். சரக்குப் பிரிக்கும் நாள், இருப்பு எண்ணும் நாள் போன்ற சில நாட்களுக்குத் தன்னார்வம் போதும். தினசரி வேலைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே ஒரு பைசாவும் போகாமல் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கடன். தாம்பரம் வட்டாரத்து அண்ணாச்சி கடைகள் அரை நூற்றாண்டாக ஊரைத் தாங்குவது கணக்கு நோட்டில் எழுதித் தரும் அந்த நம்பிக்கையால்தான். மாதக் கடைசியில் கை வறண்டபோது ‘எழுதிக்குங்க அண்ணாச்சி’ என்று சொல்ல முடிகிற இடம் வேறு எது? ராக்டேல்காரர்கள் ரொக்கம் மட்டும் என்று கறாராக இருந்ததற்குக் காரணம், கடன் பல சங்கங்களை அதற்கு முன்பே மூழ்கடித்திருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு நடுவழி உண்டு: கட்டிய பங்குத் தொகைக்கு உட்பட்டு, அதுவும் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மட்டும், ஒரு மாதத்துக்கு. பங்கைத் தாண்டி ஒரு ரூபாயும் கூடாது. அண்ணாச்சி கடைகளோடு மோதவும் வேண்டாம். நம் தெருக்கடைகளின் வாழ்வைக் குலைப்பவை பெரிய நிறுவனங்களின் கிடங்குகள். மாதப் பட்டியல் சங்கத்துக்கு, அவசரத்துக்கு அண்ணாச்சி என்று ஊர் தானாகப் பிரித்துக்கொள்ளும்.

சரக்கு எங்கிருந்து? அரிசிக்குச் செங்குன்றம் மண்டிகள் இருக்கின்றன. பருப்புக்கும் மிளகாய் வற்றலுக்கும் விருதுநகர், மஞ்சளுக்கு ஈரோடு, தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம். கோயம்பேட்டில் உணவு தானிய மொத்த வளாகமும் உண்டு. ஆனால் தெற்குப் புறநகருக்கு மட்டும் உள்ள ஒரு வாய்ப்பு ஜி.எஸ்.டி. சாலை வழியாக ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்து நெல், செய்யூர், அச்சிறுபாக்கம் பக்கத்து மணிலா, உத்திரமேரூர்ப் பக்கத்துக் காய்கறி. கோயம்பேட்டுக்குப் போய் மீண்டும் தாம்பரத்துக்குத் திரும்பும் அந்தச் சரக்கு, வழியிலேயே இறங்கலாம். 2020 மே மாதம் நோய்த்தொற்றால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு ஒட்டுமொத்த நகரமும் காய்கறிக்குத் தவித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் விலை எல்லோருக்கும் புரிந்தது. சில பகுதிகளில் குடியிருப்போர் விவசாயிகளோடு நேரடியாகப் பேசி வண்டி வரவழைத்தது அப்போதுதான்.

இந்த நேரடி உறவைச் சென்னையில் நீண்ட காலமாகச் செய்துவருபவர்களும் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ரீஸ்டோர்’ என்ற லாபநோக்கற்ற கடை, தன்னார்வலர்களின் உழைப்பில் இயற்கை விவசாயிகளிடமிருந்து வாங்கி விற்றது. அதன் அனுபவத்தை ஒட்டி, இயற்கை விவசாயிகள் சந்தை என்ற பெயரில் நகரின் பல பகுதிகளிலும் சிறு கடைகள் ஒரே கொள்முதலின் கீழ் இணைந்தன. இயற்கை வேளாண்மையை முன்னெடுத்த ஐயா நம்மாழ்வாரின் பேச்சுகளும், நெல் ஜெயராமனின் நெல் திருவிழாக்களும் மாப்பிள்ளைச் சம்பாவையும் தூயமல்லியையும் நகரத்துச் சமையலறைக்குள் கொண்டு வந்த காலம் அது. இந்த முயற்சிகளிலிருந்து தாம்பரம் கற்க வேண்டியது விவசாயிக்கு முன்கூட்டியே விலை சொல்லி அதைக் காப்பாற்றும் நாணயத்தை. தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு: இயற்கை விளைச்சலை மட்டுமே விற்பது என்ற வைராக்கியம். தொழிலாளிக் குடும்பத்தின் பட்டியலில் பொன்னி அரிசிதான் முதல் வரி. அதை விலக்கினால் அந்தக் குடும்பமே விலகிவிடும்.

சட்ட வடிவம் பற்றிப் பலருக்கும் தயக்கம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ன் கீழ் 25 பேர் சேர்ந்து பதிவு கோரலாம். ஒருவருக்கு ஒரு வாக்கு, அரசுத் தணிக்கை, பங்குக்கும் ஈவுக்கும் சட்டப்படியான இடம் எல்லாம் கிடைக்கும். கூடவே பதிவாளர் அலுவலகத்தின் நீண்ட கையும் வரும். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 2012 முதல் அரசியல் சட்டத்தின் 19-ம் பிரிவிலேயே அடிப்படை உரிமையாகச் சேர்ந்திருக்கிறது என்றாலும், நடைமுறையில் கட்டுப்பாடு தளரவில்லை. 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் எளிது, ஏழு பேர் போதும்; ஆனால் அது மன்றங்களுக்கும் அறப்பணிக்கும் ஏற்றது, பங்கு ஈவு என்ற பேச்சுக்கு உதவாது. 2002-க்குப் பிறகு வந்த உற்பத்தியாளர் நிறுவனம் விவசாயிகளுக்கானது. நுகர்வோர் அதில் பங்குதாரராக முடியாது, ஆனால் அத்தகைய நிறுவனத்திடமிருந்து சங்கம் வாங்கலாம். முதல் ஓராண்டு பதிவு இல்லாமல் கூட்டுக் கொள்முதல் மட்டும் செய்து பார்ப்பதே அறிவுடைமை. அப்போதும் ஒரு எச்சரிக்கை வேண்டும். முன்பணம் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பது வைப்புநிதி என்ற வகைக்குள் போய்விடலாம். தீபாவளிச் சீட்டுகள் ஏமாற்றிப் போன வழக்குகளுக்குப் பிறகு இதில் சட்டம் கடுமையாகியிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி வாங்கிய பணத்துக்கு ஐந்தாம் தேதிக்குள் சரக்கு, கையில் ரசீது என்பது மீறக் கூடாத ஒழுங்கு. கடையாகும்போது விற்பனை ஆண்டுக்குக் கோடியைத் தாண்டும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் ஜி.எஸ்.டி. பதிவும் தொடக்கத்திலேயே வேண்டும்.

நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது, யார் வாரிய உறுப்பினராகக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சபை நிலமும் குலமும் பார்த்து ஆள் எடுத்தது. அதை நாம் எடுக்கப் போவதில்லை. கணக்கு விஷயத்தில் காட்டிய கண்டிப்பை எடுத்துக்கொள்ளலாம். மாதம் முதல் ஞாயிறு, கடைச் சுவரில் ஒரே ஒரு தாள்: வாங்கியது, விற்றது, சிந்தியது, இருப்பு. பெரிய எழுத்தில், தமிழில்.

மும்பை நாய்காவ் பகுதியில் 1948-ல் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அப்னா பஜார் பல கிளைகளாக வளர்ந்தபோது வேகமான விரிவும் வாடகைச் சுமையும் பெரிய கடைகளின் போட்டியும் அதை நெருக்கின. தாம்பரத்தில் முதல் கடை நின்றுவிட்டால் குரோம்பேட்டையிலும் வண்டலூரிலும் திறக்கச் சொல்லி அழைப்பு வரும். அப்போது கிளை திறப்பதைவிட, அங்குள்ளவர்களையே தங்கள் பட்டியலைத் திரட்டச் சொல்லி, கொள்முதலை மட்டும் சேர்ந்து செய்வது நல்லது. 250 வீட்டுக்கு மேல் போனால் மேலாளருக்கு உறுப்பினர் முகம் மறந்துபோகும். ‘அக்கா, போன தடவை உளுந்து பொங்கவே இல்ல’ என்று ஒருவர் சொல்ல, அடுத்த மூட்டை வேறு மண்டியிலிருந்து வர வேண்டும். அந்தப் பேச்சு நடக்கிற அளவுதான் கடையின் சரியான அளவு.

தீபாவளி முடிந்த வாரமே பலகாரச் சீட்டின் அடுத்த ஆண்டு நோட்டு திறக்கும். புதிய பக்கத்தில் கோடு போட்டுப் பெயர், கதவு எண், தொகை என்று மூன்று பத்தி பிரிப்பார்கள். கார்த்திகையில் ஏதாவது ஒரு தெருவில் நான்காவதாக ஒரு பத்தி போட்டு ‘மாத அரிசி எத்தனை கிலோ’ என்று எழுதினால் போதும். இருபது வீட்டுப் பெயருக்கு எதிரே எண் விழுந்ததும், முதல் லோடு எந்த ஆலையிலிருந்து என்று விசாரிக்க மதுராந்தகத்துக்கு ஒருவர் பஸ் ஏறலாம்.